தேடல் தளத்தில் கோப்புகளும் தரவுத்தள இயக்கிகளும்: ஏபிஐ வழி மேலாண்மை

தேடல் தளம் என்பது ஏராளமான ஆவணங்களையும் தரவுத்தளப் பதிவுகளையும் சொல்லடைவாக ஒழுங்குபடுத்தி, கேட்ட சொல்லுக்குரியவற்றை உடனே எடுத்துத் தரும் மென்பொருள் ஆகும். அப்பாச்சி சோலர், எலாஸ்டிக்சர்ச், லூசிட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஃபியூஷன் ஆகியவை பரவலாக அறியப்பட்ட தேடல் தளங்கள். தேடப்படும் ஆவணங்களைத் தவிர, தன் வேலைக்கான துணைக்கோப்புகள் சிலவும் இத்தளங்களுக்குத் தேவைப்படுகின்றன. இணைச்சொல் பட்டியல், விலக்குச்சொல் பட்டியல், ஊர்ப்பெயர்ப் பட்டியல், மொழிப் பகுப்பாய்வு மாதிரிகள், தரவுத்தளத்தோடு பேச உதவும் இயக்கிகள் முதலியன அவை. இவற்றை வழங்கிக் கணினியில் நேரடியாக நுழைந்து வைக்காமல், பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம் எனப்படும் ஏபிஐ வழியாக ஏற்றவும், பார்க்கவும், மாற்றவும், நீக்கவும் முடியும்.

ஏபிஐயின் பார்வையில் இவை அனைத்தும் கோப்புகளே. ஆனால் ஊர்ப்பெயர்ப் பட்டியல் வெறும் தரவு. தரவுத்தள இயக்கி வழங்கியின் உள்ளே இயங்கும் நிரல். முன்னதில் பிழை நேர்ந்தால் ஆவணம் தேடலில் அகப்படாமல் போகும். பின்னதில் பிழை நேர்ந்தால் எழுத்துகள் சிதையலாம், தேதிகள் மாறலாம், வழங்கியே பிறர் கைக்குப் போகலாம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு இரண்டையும் தனித்தனி விதிகளின்படி நடத்துவதே கோப்பு மேலாண்மையின் அடிப்படை.

வரலாற்றுப் பின்னணி

இன்றைய தேடல் தளங்கள் பலவற்றுக்கு அடித்தளமாக இருப்பது லூசின் என்னும் திறமூல நிரல் நூலகம். இதை டக் கட்டிங் 1999-இல் எழுதினார். லூசினைக் கொண்டு யோனிக் சீலி 2004-இல் சிநெட் நிறுவனத்துக்காகச் சோலரை உருவாக்கினார். 2006-இல் சோலர் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. 2008-இல் வெளிவந்த சோலர் 1.3 பதிப்பில், தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்து வரும் 'டேட்டா இம்போர்ட் ஹேண்ட்லர்' என்ற பகுதி சேர்க்கப்பட்டது. தரவுத்தள இயக்கிக் கோப்பை நிர்வாகி வழங்கியின் ஒரு கோப்புறையில் கையால் வைத்துவிட்டு, சோலரை நிறுத்தி மீண்டும் தொடங்குவதே அன்றைய வழக்கம்.

ஒரே கணினியில் தேடல் தளம் இயங்கியவரை இம்முறை போதுமானதாக இருந்தது. 2012-இல் வந்த சோலர் 4.0 பதிப்பு, பல கணினிகள் ஒரு கொத்தாகச் சேர்ந்து இயங்கும் 'சோலர்கிளவுட்' முறையைக் கொண்டுவந்தது. பத்துக் கணினிகள் இருந்தால் பத்திலும் ஒரே கோப்பு, ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் பழைய கோப்பு தங்கிவிட்டால், ஒரே கேள்விக்கு ஒருமுறை ஒரு விடையும் மறுமுறை வேறு விடையும் வரும். கோப்பை ஓர் இடத்தில் ஏற்றினால் எல்லாக் கணினிகளும் அதையே எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியத்தின் தேவை இதனால் எழுந்தது. சோலரின் மேல் கட்டப்பட்டு 2014-இல் வெளியான ஃபியூஷன், இத்தகைய களஞ்சியத்தைத் தன் ஏபிஐயின் ஒரு பகுதியாகவே அமைத்துக்கொண்டது.

துணைக்கோப்புகள் ஏன் தேவை

துணைக்கோப்பின் பங்கை விளக்கச் சேந்தமங்கலம் என்னும் ஊர்ப்பெயரே நல்ல எடுத்துக்காட்டு. கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டி, நாமக்கல் மாவட்டத்தில் அமைந்த பேரூராட்சி சேந்தமங்கலம். அதே பெயரில் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இன்னோர் ஊர் உண்டு. காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் இராசராச சோழனைச் சிறைவைத்ததாக வரலாறு கூறும் சேந்தமங்கலம் அதுதான். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் கைத்தறிக்குப் பெயர்பெற்ற சேந்தமங்கலம் உள்ளது. பழைய ஆவணங்களை இணையத்தில் தேடுபவர் இம்மூன்றையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

ஊர் ஒன்றானாலும் ஆவணங்களில் அது ஒரே வடிவில் இருப்பதில்லை. நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய ஆவணங்களில் 'சேலம் மாவட்டம்' என்றும், பிந்தையவற்றில் 'நாமக்கல் மாவட்டம்' என்றும் இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'த' ஒலியைச் சிலர் ஒரு வகையாகவும் சிலர் வேறு வகையாகவும் எழுதுவர். வேற்றுமை உருபு சேரும்போது சேந்தமங்கலத்தில், சேந்தமங்கலத்துக்கு, சேந்தமங்கலத்தை எனச் சொல்லின் இறுதி 'அத்து' பெற்று மாறும். எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் தேடல் பொறிக்கு இவை ஒவ்வொன்றும் வேறுவேறு சொற்கள்.

இச்சிக்கலைப் பல துணைக்கோப்புகள் சேர்ந்து தீர்க்கின்றன. சொல்லின் வேரைப் பிரிக்கும் விதிகளைப் பகுப்பி பார்த்துக்கொள்ளும். ஸ்னோபால் என்னும் திறமூலத் திட்டத்தில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பி உள்ளது. எழுத்துவேறுபாடுகளை இணைச்சொல் பட்டியல் ஒன்றுசேர்க்கும். எந்தச் சேந்தமங்கலம் என்பதை மாவட்டம், வட்டம் ஆகியவற்றோடு இணைத்துக் காட்டும் பட்டியல் ஊர்ப்பெயர்க் கோப்பு. உண்மையான பதிவுகளோ பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அவற்றைத் தேடல் தளத்துக்குக் கொண்டுவர இயக்கி வேண்டும். ஆவணம் பயனர் கைக்கு வந்து சேர, ஏற்றப்பட்ட கோப்பும் இயக்கியும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும்.

கோப்புக் களஞ்சியமும் ஏபிஐயும்

களஞ்சியத்தில் சேமிக்கப்படும் கோப்பு 'பிளாப்' எனப்படுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாராமல், பைட்டுகளின் ஒரு பொதியாகவே அது வைக்கப்படுகிறது. ஃபியூஷன் தன் பிளாப்களைச் சோலரிலேயே தனித் தொகுப்பு ஒன்றில் சேமிக்கிறது. அதனால் கொத்திலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் அவை கிடைக்கின்றன.

ஏபிஐயுடன் பேசுவது எச்டிடிபி நெறிமுறையின் வழக்கமான வினைகளால் நடைபெறுகிறது.

புட்: குறித்த பெயரில் கோப்பை ஏற்றும். அப்பெயரில் முன்பே கோப்பு இருந்தால் அதன் இடத்தில் புதியதை வைக்கும்.

கெட்: கோப்பையோ, களஞ்சியத்திலுள்ள கோப்புகளின் பட்டியலையோ பெற்றுத் தரும்.

டெலீட்: கோப்பை நீக்கும்.

கோப்பை ஏற்றும்போது அதன் பெயருடன் உள்ளடக்க வகையும், அது எதற்கான கோப்பு என்ற வளவகையும் குறிக்கப்படுகின்றன. தரவுத்தள இயக்கி, இயந்திரக் கற்றல் மாதிரி, இணைப்பிச் செருகுநிரல் என வளவகைகள் பல உண்டு. இந்தக் குறிப்பு வெறும் பெயர்ச்சீட்டு அன்று. இயக்கி என்று குறிக்கப்பட்ட கோப்பைத் தளம் திறந்து பார்த்து, அதனுள் உள்ள இயக்கி வகுப்புகளின் பெயரைக் கண்டறிந்து வைத்துக்கொள்கிறது. வளவகை தவறானால் கோப்பு களஞ்சியத்தில் இருக்கும்; ஆனால் தரவுத்தள இணைப்பை அமைக்கும் திரையில் அது தென்படாது. பதிவேற்றம் வெற்றி என்ற விடை வந்த பிறகும் இயக்கியைக் காணவில்லை என்ற குழப்பத்துக்கு இது ஒரு பொதுவான காரணம்.

பதிவேற்றம் முடிந்ததும் ஏபிஐ ஒரு விவரக்குறிப்பைத் திருப்பி அனுப்புகிறது. கோப்பின் பெயர், அளவு, மாற்றப்பட்ட நேரம், பதிப்பு எண், எம்டி5 சரிபார்ப்பு எண் ஆகியவை அதில் இருக்கும். கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் கணக்கிட்டுப் பெறும் 128 பிட் எண் எம்டி5. அனுப்பியவர் தம் கணினியிலுள்ள கோப்புக்கும் அதே கணக்கைச் செய்து ஒப்பிட்டால், வழியில் கோப்பு சிதையவில்லை என்று உறுதிசெய்யலாம். ஆனால் கோப்பு நம்பத்தக்கதா என்பதற்கு எம்டி5 சான்றாகாது. ஒரே எம்டி5 எண் வருமாறு இரு வேறு கோப்புகளை வேண்டுமென்றே உருவாக்க முடியும் என்பது 2004-ஆம் ஆண்டிலிருந்தே அறியப்பட்டது. நம்பகத்துக்கு ஷா-256 போன்ற வலுவான எண்ணோ எண்முறைக் கையொப்பமோ தேவை.

அளவு வரம்புகள்

சோலர்கிளவுட் தன் அமைப்புக் கோப்புகளை அப்பாச்சி சூகீப்பர் என்னும் ஒருங்கிணைப்பு மென்பொருளில் வைக்கிறது. சூகீப்பரில் ஒரு பதிவின் அளவு இயல்பாக ஏறத்தாழ 1 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒருங்குறி எண் ஒன்றுக்கு 3 பைட்டுகள் எடுக்கும். 'சேந்தமங்கலம்' என்பது 8 எழுத்துகள் கொண்ட சொல். ஒருங்குறியில் அது 12 எண்களாகவும் 36 பைட்டுகளாகவும் சேமிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் வரம்புக்குள் அடங்கும் ஊர்ப்பெயர்ப் பட்டியல் தமிழில் வரம்பைத் தாண்டுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய பெரிய கோப்புகளுக்காகச் சோலரிலும் பிளாப் களஞ்சியம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் இயல்பு வரம்பு 5 மெகாபைட். நிர்வாகி அதை உயர்த்தலாம். ஒரே பெயரில் மீண்டும் ஏற்றினால் பழையதை அழிக்காமல் 1, 2, 3 என அடுத்த பதிப்பு எண்ணைத் தருவதும், உள்ளடக்கம் மாறாத கோப்பை மீண்டும் ஏற்க மறுப்பதும் அதன் நடைமுறை. 2019 இறுதியில் வந்த 8.4 பதிப்பிலிருந்து, நிரல் கோப்புகளுக்குப் பொதி மேலாண்மை என்ற புதிய முறை பரிந்துரைக்கப்படுகிறது. அதில் நிரல் கோப்பு தனித்திறவியால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். நிர்வாகி முன்கூட்டியே பதிந்து வைத்த பொதுத்திறவியுடன் கையொப்பம் பொருந்தினால் மட்டுமே கோப்பு ஏற்கப்படும்.

தரவுத்தள இயக்கி

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகிய தரவுத்தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய வலைப்பின்னல் நெறிமுறையில் பேசுகின்றன. ஜாவா நிரல்கள் இவை அனைத்துடனும் ஒரே வகையில் பேசுவதற்கான பொது இடைமுகம் ஜேடிபிசி. இது 1997-இல் ஜாவா 1.1-உடன் வெளியானது. பொது இடைமுகத்தில் வரும் கட்டளையைக் குறிப்பிட்ட தரவுத்தளத்தின் நெறிமுறைக்கு மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளரே இயக்கி. இது பொதுவாக 'ஜார்' என்னும் ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது. சோலரும் ஃபியூஷனும் ஜாவாவில் இயங்குவதால் தரவுத்தளத்தை அணுக இவ்வியக்கிகளையே பயன்படுத்துகின்றன.

இயக்கியைத் தளத்தோடு சேர்த்தே தராமல், பயனரை ஏற்றச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது உரிமம். எடுத்துக்காட்டாக, மைஎஸ்கியூஎல் இயக்கி குனூ பொது உரிமத்தின் கீழ் வருகிறது. அப்பாச்சி அறக்கட்டளையின் விதிகளின்படி அவ்வுரிமத்தில் உள்ள நிரலை அப்பாச்சித் திட்டங்களோடு சேர்த்து வெளியிட முடியாது. இரண்டாவது பொருத்தம். தரவுத்தளத்தின் பதிப்புக்கும் ஜாவாவின் பதிப்புக்கும் ஏற்ற இயக்கி எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

2006-இல் வந்த ஜேடிபிசி 4.0 முதல், இயக்கி வகுப்பின் பெயர் ஜார் கோப்பின் உள்ளேயே ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தளம் அதைப் படித்துத் தானாகவே வகுப்பை அறியும். பழைய அமைப்புகளில் வகுப்பின் பெயரைக் கையால் எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல் இயக்கியின் வகுப்புப் பெயர் 5.1 பதிப்புக்கும் 8.0 பதிப்புக்கும் இடையில் மாறியது. புதிய பெயரை எழுதிவிட்டுப் பழைய ஜார் கோப்பை ஏற்றினால் 'வகுப்பு கிடைக்கவில்லை' என்ற பிழை வரும். புதிய ஜார் கோப்போ, பழைய பெயரை ஏற்றுக்கொண்டு எச்சரிக்கை மட்டும் தரும்.

இயக்கியும் தமிழ் எழுத்தும்

இயக்கியின் அமைப்பில் குறியேற்றம் தவறினால், தமிழ்ப் பதிவுகள் இரண்டு வகையில் கெடுகின்றன. யுடிஎஃப்-8 பைட்டுகளை இலத்தீன் குறியேற்றமாகக் கருதிப் படித்தால், 'சேந்தமங்கலம்' என்பது பொருளற்ற இலத்தீன் எழுத்து வரிசையாகத் தோன்றும். இதில் பைட்டுகள் அழியவில்லை. எனவே மீட்டெடுக்க வழியுண்டு. ஆனால் தமிழ் எழுத்தை இலத்தீன் குறியேற்றத்துக்கு மாற்ற முயன்றால், அங்கே இடமில்லாத ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகும். அவ்வாறு சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து இழக்கப்பட்டதே, மீட்க முடியாது. தேடல் தளத்தில் மட்டும் இது நேர்ந்தால் மூலத் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் சொல்லடைவாக்கலாம். மூலத்திலேயே நேர்ந்தால் காப்புப் படி ஒன்றே துணை.

மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று நீண்ட காலம் வழங்கிய குறியேற்றம் ஓர் ஒருங்குறி எண்ணுக்கு 3 பைட்டுகள் வரையே ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0 பதிப்பில் சேர்ந்த 'தமிழ்ப் பின்னிணைப்பு' என்ற பகுதிக்கு 4 பைட்டுகள் வேண்டும். முந்திரி, காணி, மா முதலான பின்னங்களுக்கும் பழைய அளவைகளுக்கும் உரிய 51 குறிகள் அதில் உள்ளன. பழைய நில ஆவணங்களை உள்ளபடியே எழுத்தாக்குவோருக்கு இக்குறிகள் தேவை. அத்தகைய தரவுத்தளம் 4 பைட் குறியேற்றத்தில் அமைய வேண்டும்.

வேறொரு சிக்கல் ஒருங்குறியிலேயே உண்டு. 'கொல்லிமலை' என்ற சொல்லின் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் வேறு. தரவுத்தளத்தில் ஒருவிதமும் ஏற்றிய ஊர்ப்பெயர்க் கோப்பில் வேறுவிதமும் இருந்தால் இரண்டும் பொருந்தா. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் ஒருங்குறி இயல்பாக்கத்தைச் சொல்லடைவாக்கும் போதும் தேடும்போதும் செய்வதே இதற்குத் தீர்வு.

நேர மண்டலம்

மைஎஸ்கியூஎல் 8.0 இயக்கியின் தொடக்கப் பதிப்புகளில் இந்தியப் பயனர்கள் பலர் ஒரு பிழையைச் சந்தித்தனர். வழங்கியின் நேர மண்டலம் 'ஐஎஸ்டி' என்றிருந்தால் இயக்கி இணைய மறுத்தது. அச்சுருக்கம் இந்திய நேரத்தை மட்டுமல்லாமல் அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களையும் குறிக்கும் என்பதே காரணம். இணைப்பு முகவரியில் நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று தெளிவாக எழுதினால் பிழை நீங்கும்.

இணைப்பு கிடைத்த பிறகும் கவனம் தேவை. சோலர் எல்லாத் தேதிகளையும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே செல்வது. நாமக்கல் மாவட்டம் பிறந்த 1997 சனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று தரவுத்தளத்தில் உள்ள பதிவு, சோலரில் 1996 திசம்பர் 31, மாலை 6.30 என்று பதிவாகும். 1997 முதலான ஆவணங்களை மட்டும் காட்டுமாறு ஒருவர் கேட்டால், அந்நாளின் ஆவணம் விடுபட்டுப் போகும். நேரம் தேவையில்லாத பதிவுகளில் தேதியை உரையாகவோ, நண்பகல் நேரம் சேர்த்தோ சேமிப்பது இத்தவற்றைத் தவிர்க்கும் எளிய வழி.

ஏற்றுதல் முதல் நீக்குதல் வரை

ஒரு துணைக்கோப்பின் வாழ்க்கையைப் பின்வரும் படிகளாகப் பிரிக்கலாம்.

1. பெறுதல்: இயக்கியை அதை உருவாக்கியோரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே பெற வேண்டும். அங்கே வெளியிடப்பட்ட சரிபார்ப்பு எண்ணையோ கையொப்பத்தையோ ஒப்பிட வேண்டும்.

2. பெயரிடுதல்: இயக்கியின் பெயரில் பதிப்பு எண் இருப்பது நல்லது. எண்ணில்லாமல் பொதுப்பெயரில் ஏற்றினால், இப்போது இயங்குவது எந்தப் பதிப்பு என்பதைப் பிறகு அறிவது கடினம்.

3. ஏற்றுதல்: கோப்பை எழுத்து மாற்றம் ஏதும் செய்யாத இரும முறையில் அனுப்ப வேண்டும். கட்டளை வரியிலிருந்து அனுப்பும்போது உரைமுறை தேர்வானால் வரிமுடிவுகள் நீக்கப்பட்டு ஜார் கோப்பு பழுதாகும். அளவையும் எம்டி5 எண்ணையும் ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

4. சோதித்தல்: முழுத் தரவையும் எடுப்பதற்கு முன் பத்துப் பதிவுகளை மட்டும் எடுத்து, தமிழ் எழுத்து, தேதி, வெற்றுப் புலங்கள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

5. நடைமுறைப்படுத்துதல்: இணைச்சொல் கோப்பை மாற்றினால் தொகுப்பை மீளேற்றம் செய்யும்வரை சோலரில் மாற்றம் தெரியாது. அக்கோப்பு சொல்லடைவாக்கும்போதே பயன்படுவதாக இருந்தால், ஆவணங்கள் அனைத்தையும் மீண்டும் சொல்லடைவாக்க வேண்டும்.

6. நீக்குதல்: பழைய இயக்கியை நீக்கும் முன், எந்தெந்தத் தரவு மூலங்கள் அதைப் பயன்படுத்துகின்றன என்று பார்க்க வேண்டும். இரவில் ஒருமுறை மட்டும் இயங்கும் பணி அதைச் சார்ந்திருந்தால், பகலில் செய்த நீக்கத்தின் விளைவு மறுநாள் காலையில்தான் தெரியும்.

பெரிய அட்டவணைகளை எடுக்கும்போது நினைவக அளவும் கருதத்தக்கது. மைஎஸ்கியூஎல் இயக்கி இயல்பாக ஒரு வினவலின் முடிவு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிய பிறகே தரத் தொடங்கும். இலட்சக்கணக்கான வரிகள் உள்ள அட்டவணையில் இது தேடல் தளத்தையே நிறுத்திவிடக்கூடும். வரிகளைச் சிறிது சிறிதாக எடுக்குமாறு அமைப்பில் குறிப்பிட வேண்டும். அதுபோலவே, புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டும் எடுக்கும் முறையில், தரவுத்தளத்தில் அழிக்கப்பட்ட வரி தேடல் தளத்தில் தங்கிவிடும். அழிந்தவற்றைத் தனி வினவலால் கண்டறிந்து நீக்க வேண்டும்.

பாதுகாப்பு

கோப்பை ஏற்றும் உரிமை, சில சூழல்களில் வழங்கியில் நிரல் இயக்கும் உரிமைக்கு ஒப்பானது. சோலரின் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் பல உள்ளன.

2019-இல் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2019-0193 என்னும் பாதிப்பு, டேட்டா இம்போர்ட் ஹேண்ட்லர் தொடர்பானது. தரவுத்தள இறக்குமதிக்கான அமைப்பு முழுவதையும் வேண்டுகோளோடு சேர்த்தே அனுப்பச் சோதனை வசதி ஒன்று இடம் தந்தது. அவ்வமைப்பில் கட்டளை நிரலும் இருக்கலாம் என்பதால், ஏபிஐயை அணுக முடிந்த எவரும் வழங்கியில் தம் நிரலை இயக்க முடிந்தது. 8.2 பதிப்பில் அவ்வசதி இயல்பாக அணைக்கப்பட்டது. பின்னர் 8.6 பதிப்பில் அப்பகுதி கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 9.0 பதிப்பில் சோலரிலிருந்து நீக்கப்பட்டது.

அமைப்புக் கோப்புகளை ஏற்றும் ஏபிஐயிலும் பாதிப்புகள் கண்டறியப்பட்டன. அடையாளச் சரிபார்ப்பு இல்லாமல் ஏற்றப்படும் அமைப்புத் தொகுதியைச் சோலர் 'நம்பகமற்றது' என்று குறித்து, அபாயமான வசதிகளை அதற்கு மறுக்கும். அந்தத் தடையைச் சுற்றிச் செல்லும் வழி சிவிஇ-2020-13957 என்று பதிவாகி, 8.6.3 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2023-50386, இதே ஏபிஐ வழியாக ஏற்றிய ஜார் கோப்புகள் காப்புப் படி எடுக்கும்போது வழங்கியின் வட்டில் எழுதப்பட்டு, நிரலாக ஏற்றப்படக்கூடும் என்று எச்சரித்தது. 9.4.1, 8.11.3 பதிப்புகளில் இது திருத்தப்பட்டது.

இயக்கியிலும் பாதிப்பு இருக்கலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இயக்கியில் இணைப்பு முகவரியின் வழியாக விரும்பிய ஜாவா வகுப்பை உருவாக்க இடமளித்த சிவிஇ-2022-21724 இத்தகையது. இயக்கிக் கோப்பு நேர்மையானதாக இருந்தாலும், இணைப்பு முகவரியை எழுதும் உரிமை பெற்றவர் தீங்கு செய்ய முடியும் என்பது இதன் பாடம்.

இவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறைகள் எளியவை. தேடல் தளத்தின் நிர்வாக ஏபிஐ பொது இணையத்தில் திறந்திருக்கக் கூடாது. பட்டியல் கோப்புகளைத் திருத்தும் மொழி வல்லுநருக்கு இயக்கியை ஏற்றும் உரிமை தேவையில்லை; இரண்டும் தனித்தனி அனுமதிகளாக இருக்க வேண்டும். சொல்லடைவாக்கத் தரவுத்தளத்தைப் படித்தால் போதும் என்பதால், இயக்கி பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டுமே இருக்க வேண்டும். கடவுச்சொல்லைத் துணைக்கோப்புகளில் எழுதி ஏற்றுவதும் தவிர்க்கத்தக்கது. களஞ்சியத்தைப் படிக்கும் உரிமையுள்ள அனைவருக்கும் அது தெரிந்துவிடும்.

எலாஸ்டிக்சர்ச்சில்

ஷாய் பேனன் 2010-இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. தொடக்கத்தில் 'ரிவர்' என்ற செருகுநிரல்கள் கொத்தின் உள்ளேயே இயங்கி வெளித் தரவை இழுத்து வந்தன. தரவுத்தளத்துக்கான ரிவரும் அவற்றுள் ஒன்று. இவை கொத்தின் நிலைத்தன்மையைக் குலைத்ததால் 2015-இல் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டன. அதன் பின் தரவுத்தள இயக்கி, லாக்ஸ்டாஷ் என்னும் தனி மென்பொருளின் பொறுப்பானது. இயக்கியில் கோளாறு நேர்ந்தாலும் தேடல் பாதிக்கப்படாமல் தொடரும் என்பது இப்பிரிவினையின் பயன். இணைச்சொல் பட்டியலை ஏபிஐ வழியாகவே மேலாளும் வசதி 2023-இல் 8.10 பதிப்பில் வந்தது. பட்டியல் மாறியதும் தொடர்புடைய பகுப்பிகள் தாமாகவே மீளேற்றம் பெறும்.

தமிழ்க் களஞ்சியங்களில்

தமிழ் ஆவணங்களைப் பேணும் முயற்சிகளிலும் இத்தொழில்நுட்பம் பயன்படுகிறது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணி வருகிறது. அதன் பல்லூடகக் களஞ்சியமான 'ஆவணகம்' ஐலண்டோரா என்னும் திறமூலத் தளத்தில் அமைந்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கப்பட்டது ஐலண்டோரா. ஐலண்டோரா 7 வரிசையில் பயனர் பார்க்கும் பக்கங்களை டிரூபல் காட்டும்; கோப்புகளை ஃபெடோரா களஞ்சியம் காக்கும்; தேடலைச் சோலர் நிகழ்த்தும்.

இவ்வமைப்பில் ஒளிப்படமோ ஒலிப்பதிவோ ஏபிஐ வழியாக ஃபெடோராவில் ஏற்றப்படுகிறது. கோப்புடன் அதன் சரிபார்ப்பு எண்ணும் பதிப்பு வரலாறும் சேமிக்கப்படும். பொருள்களைப் பற்றிய பதிவேட்டை ஃபெடோரா ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறது. அதை அணுக ஜேடிபிசி இயக்கி தேவை. புதிய கோப்பு சேர்ந்ததும் ஃபெடோரா ஒரு செய்தியை அனுப்ப, அதைப் பெறும் பகுதி விவரங்களைச் சோலரின் சொல்லடைவில் சேர்க்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கோப்பு வட்டில் இருக்கும். ஆனால் தேடுபவர் கண்ணில் படாது. தேடலில் வராத ஆவணம், அதைத் தேடி வந்த மாணவருக்கு இல்லாத ஆவணமே. சொல்லடைவைக் கோப்புகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். கோப்புகளைச் சொல்லடைவிலிருந்து மீட்க முடியாது. எனவே காப்புப் படியில் முதலிடம் மூலக் கோப்புகளுக்கும் தரவுத்தளத்துக்கும் உரியது. இணைச்சொல், ஊர்ப்பெயர்ப் பட்டியல்களுக்கு அடுத்த இடம். அவை மனித உழைப்பால் தொகுக்கப்பட்டவை; தளத்தை மீண்டும் நிறுவுவதால் திரும்பக் கிடைக்காதவை.

வழக்கமாக நேரும் பிழைகள்

401 அல்லது 403 விடை: அடையாளச் சரிபார்ப்பு தவறியது, அல்லது கணக்குக்குக் கோப்பை ஏற்றும் அனுமதி இல்லை.

404 விடை: கோப்பின் பெயரோ ஏபிஐ முகவரியோ தவறு. தளத்தின் பதிப்பு மாறும்போது முகவரி மாறுவதும் உண்டு.

413 விடை: கோப்பின் அளவு வரம்பை மீறியது. இடையிலுள்ள பதிலி வழங்கியின் வரம்பும் காரணமாகலாம்.

பதிவேற்றம் வெற்றி, இயக்கி தென்படவில்லை: வளவகை தவறு, அல்லது ஜார் கோப்பு பழுது.

இணைப்பு வெற்றி; எழுத்துகள் கேள்விக்குறிகளாக உள்ளன: குறியேற்ற அமைப்பு தவறு. சொல்லடைவாக்கத்தை நிறுத்திவிட்டு மூலத் தரவுத்தளத்தை முதலில் பார்க்க வேண்டும்.

எழுத்து சரி, தேடினால் கிடைக்கவில்லை: இணைச்சொல் கோப்பு மீளேற்றம் பெறவில்லை, அல்லது ஒருங்குறி இயல்பாக்கம் செய்யப்படவில்லை.

முதல் நான்கும் ஏற்றுபவருக்கு அப்போதே தெரிந்துவிடும். கடைசி இரண்டில் தளம் எந்தப் பிழையையும் அறிவிக்காது. சேந்தமங்கலம் என்று தேடியவருக்கு 'முடிவுகள் இல்லை' என்ற வரி மட்டுமே தெரியும். ஆகவே கோப்பையோ இயக்கியையோ மாற்றிய ஒவ்வொரு முறையும், விடை முன்பே தெரிந்த சில தமிழ்ச் சொற்களைத் தேடிப் பார்த்து உறுதிசெய்வது மேலாண்மையின் இறுதிப் படியாகும்.